இரு கட்சிக் குடும்பங்கள், நடுவில் 650 கிலோமீட்டர்: நெல்லைச் சீமையின் இளங்காதலர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய நெல்லைச் சீமையிலிருந்து, படிப்பு முடித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பிப் போவது பல தலைமுறையாக நடந்து வருகிறது. பாளையங்கோட்டைக் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்த இருவரில் ஒருவர் சென்னையை அடுத்த சிறுசேரியில் மென்பொருள் வேலையில் இருக்க, மற்றவர் ஊரிலேயே தங்கிப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பது இன்று பல வீடுகளில் காணக்கூடியது. அந்த இருவரும் ஒருவரையொருவர் விரும்பி, ஒருவருடைய அப்பா ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளராகவும், மற்றவருடைய அப்பா அதற்கு நேர் எதிரான கட்சியின் கிளைச் செயலாளராகவும் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

தொலைவைத் தனியாகச் சமாளித்துவிடலாம். அரசியல் வேறுபாட்டையும் தனியாகச் சமாளித்துவிடலாம். இரண்டும் சேரும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. ஒரே ஊரில் இருந்தால் முகத்தைப் பார்த்ததும் பாதி தணிந்துவிடும் வருத்தம், கைபேசித் திரையில் எழுத்தாக வந்து இரவு முழுவதும் கண்முன் கிடக்கும். ஆகவே கீழே சொல்லப்படும் படிகளை வரிசையாகச் செய்வது நல்லது. குறிப்பாக முதல் படியைத் தாண்டிக்கொண்டு ஏழாவது படிக்குப் போகக் கூடாது. இது 18 வயது நிறைந்தவர்களுக்காக எழுதப்பட்டது. அதற்குக் குறைந்த வயதுடையவர்களுக்குப் போக்சோ சட்டம் பொருந்தும் என்பதால் அவர்களுக்கு இந்த வழிகள் உதவா.

முதல் படி: கருத்தையும் கட்சியையும் சாதியையும் தனித்தனியே பிரித்துப் பாருங்கள்

"அவங்க வேற கட்சி" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. உங்கள் இணை தாமாக என்ன நினைக்கிறார் என்பது ஒன்று. அவருடைய குடும்பம் எந்தக் கொடியின் கீழ் நிற்கிறது என்பது இன்னொன்று. அந்தக் கொடிக்குப் பின்னால் எந்தச் சாதி நிற்கிறது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று விதமான அணுகுமுறை தேவைப்படுகிறது.

குடும்பத்தின் கட்சி பெரும்பாலும் பிழைப்போடு பின்னிக் கிடக்கும். அப்பா கரைவேட்டி கட்டுவது கொள்கையினால் மட்டும் நிகழ்வதன்று. கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பதவி, ஊராட்சியில் ஒரு சிறு ஒப்பந்தம், ஊருக்குள் ஒரு வழக்கைப் பேசித் தீர்க்கும் மரியாதை என்று பலவும் அதில் அடங்கியிருக்கும். அந்த வீட்டில் பிறந்த பெண், அப்பாவின் தலைவர் படத்தைப் பார்த்தபடியே வளர்ந்து, கல்லூரிக்கு வந்து முற்றிலும் வேறு முடிவுகளுக்கு வந்திருக்கலாம். அவரிடம் அப்பாவின் மேடைப் பேச்சுக்குக் கணக்குக் கேட்பது நியாயமாகாது. அவருடைய கருத்தை அவரிடமிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவதைக் கண்டறிய ஒரு தெளிவான வழி உண்டு. உங்கள் இரு குடும்பங்களின் உறவு வட்டத்திலும், மாற்றுக் கட்சிக்காரர் வீட்டில் பெண் கொடுத்ததோ எடுத்ததோ உண்டா என்று விசாரியுங்கள். அநேகமாக உண்டு என்ற விடைதான் கிடைக்கும். ஒரே சாதிக்குள் திமுக வீடும் அதிமுக வீடும் சம்பந்தம் செய்துகொள்வதும், தேர்தல் நேரத்தில் மாமனாரும் மருமகனும் எதிரெதிர் வாக்குச்சாவடி முகவர்களாக உட்காருவதும், மாலையில் ஒரே வீட்டில் சாப்பிடுவதும் நம் பக்கத்தில் யாருக்கும் வியப்பளிப்பதில்லை. அப்படியொரு சம்பந்தத்தை முன்பு மனமுவந்து செய்த குடும்பம், உங்கள் விஷயத்தில் மட்டும் "கட்சி ஒத்து வராது" என்று சொன்னால், அங்கே தடையாக நிற்பது கட்சி அன்று, சாதி. சில வேளைகளில் மதம். இந்த உண்மையை உங்கள் இருவருக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது மிகவும் முக்கியம். ஏனெனில் கட்சி வேறுபாட்டைப் பொறுமையாலும் பேச்சாலும் கரைத்துவிடலாம். சாதி குறுக்கே நிற்கும் இடத்தில் பொறுமையோடு பாதுகாப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இரண்டாம் படி: அந்த அரசியல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

நம் மாவட்டத்தில் பலருடைய அரசியல் மேடைகளில் கேட்டு வந்ததன்று. வீட்டுக்குள் நடந்ததொன்றின் நினைவாக வந்தது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்ற பேரணியில் காவல்துறை தடியடி நடத்தியதையடுத்து, 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பிறந்த ஒருவருக்கு அந்த நாள் வீட்டுத் துக்கம். அதே காலத்தில் காவல்துறையில் பணியாற்றிய ஒருவரின் பிள்ளைக்கு, அதே நாளைப் பற்றி வேறொரு கதை சொல்லப்பட்டிருக்கும், அல்லது எதுவுமே சொல்லப்பட்டிராது. இந்த இருவரும் காதலிக்க நேர்ந்தால், ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று கட்சிகளும் இயக்கங்களும் ஆற்றில் மலர் தூவும்போது ஒருவர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று மற்றவருக்குப் புரியாமலே போய்விடும்.

கூடங்குளத்தையும் எண்ணிப் பாருங்கள். செட்டிகுளம் அருகே அணுவிஜய் நகரியத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அணுமின் நிலையம் என்பது அப்பாவின் சம்பளம், நல்ல பள்ளிக்கூடம், நாட்டுக்கான உழைப்பு. சில கிலோமீட்டர் தள்ளி இடிந்தகரையில் வளர்ந்த பிள்ளைக்கு அது, 2011 முதல் லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தலில் அம்மாவோடு உட்கார்ந்த நாட்கள், ஊரார் மீது போடப்பட்ட தேசத்துரோக வழக்குகள், 2012 செப்டம்பரில் கடற்கரையில் வீசப்பட்ட கண்ணீர்ப்புகைக் குண்டுகள். இவர்கள் இருவரும் மின்சாரத் தேவை, கதிர்வீச்சு என்று புள்ளிவிவரங்களோடு வாதிடத் தொடங்கினால் ஒருநாளும் முடியாது. "உங்க வீட்டுல அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று ஒருவர் கேட்டு, மற்றவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் இருந்தால், கருத்து மாறாவிட்டாலும் கசப்பு குறைந்துவிடும்.

இந்தப் பேச்சை நேரில் சந்திக்கும் நாளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். இயலாதபோது காணொளி அழைப்பில் பேசுங்கள். எழுத்தில் வேண்டாம்.

மூன்றாம் படி: தொலைவில் பேசுவதற்கு விதிகள் வகுத்துக்கொள்ளுங்கள்

வாட்ஸ்அப்பில் அரசியல் விவாதம் செய்வதில்லை என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். செய்தியைப் பகிரலாம், அதன் மீதான சண்டையைக் குரலில் மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்துக்குத் தொனி கிடையாது. இரண்டு நீலக்குறி விழுந்தும் பதில் வரவில்லையென்றால் அந்த மௌனத்துக்கு நூறு பொருள் தோன்றும். மறுமுனையில் இருப்பவர் மாநகரப் பேருந்தில் நின்றுகொண்டே வந்திருப்பார், அல்லது வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்திருப்பார்.

ஸ்டேட்டஸ் தனிக் கவனத்துக்குரியது. நெல்லைப் பகுதியில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஏறத்தாழ ஒரு சுவரொட்டி போலவே செயல்படுகிறது: தலைவரின் பிறந்தநாள், சாதித் தலைவரின் குருபூஜை, ஊர்க் கோவில் கொடைத் திருவிழா என்று எல்லாம் அங்கேதான் ஒட்டப்படும். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் ஒரு பையன், சித்தப்பா மகன் கேட்டுக்கொண்டான் என்பதற்காகக் கட்சி மாநாட்டுப் படத்தை வைத்துவிடுகிறான் என்று கொள்வோம். சென்னையில் வேலை முடித்து விடுதிக்குத் திரும்பும் பெண் அதைப் பார்க்கிறாள். அந்தக் கட்சியின் பேச்சாளர் ஒருவர் சில நாட்களுக்கு முன்புதான் அவளுடைய சமூகத்தாரை இழிவாகப் பேசியிருக்கிறார். அவள் அழைக்கிறாள்.

"அதை நெசமாவே நம்பித்தான் வச்சியா?"

"ஏட்டி, தம்பி வைக்கச் சொன்னான், வச்சேன். அதுல என்ன இருக்கு?"

"ஒனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இருக்கு. நாளைக்கு எங்க அய்யாவைப் பத்தி அவன் பேசுனாலும் தம்பி சொன்னான்னு வைப்பியா?"

இந்த இடத்தில் பையன் செய்யத்தக்கது ஒன்றுதான். படத்தை எடுத்துவிட்டு வாதத்தை முடித்துக்கொள்ளப் பார்க்காமல், பேச்சாளர் என்ன பேசினார் என்று அவளிடமே கேட்டு, தானும் அதைத் தேடிப் பார்த்து, மறுநாள் அழைத்துத் தன் நிலையைச் சொல்ல வேண்டும். படத்தை நீக்குவது எளிது. அவளுக்கு அந்தச் சொற்கள் ஏன் வலித்தன என்று தெரிந்துகொள்வதுதான் அவள் எதிர்பார்ப்பது.

தேர்தல் காலத்துக்கென்று தனி உடன்படிக்கை தேவை. வேட்பாளர் அறிவிப்பு முதல் வாக்கு எண்ணும் நாள் வரை வீட்டில் இருப்பவருக்குக் காலை முதல் இரவு வரை கட்சிக்காரர்கள் வருவதும் போவதுமாக இருக்கும். அவர் பேசும் நேரம் குறையும்; குரலில் சலிப்பு இருக்கும். "இந்த நாட்களில் ஒரு நாளைக்கு ஒரு முறை பேசினால் போதும், முடிவு வெளியாகும் அன்று இருவரும் அழைப்பதில்லை" என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், தோற்ற வீட்டின் துயரமும் வென்ற வீட்டின் வெடிச்சத்தமும் ஒரே தொலைபேசி இணைப்பில் மோதிக்கொள்ளாது.

வளைகுடாவில் இருப்பவர்கள் நேர வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரமும், சவூதி இரண்டரை மணி நேரமும் பின்தங்கியவை. அங்கே வேலை முடிந்து அறைக்கு வரும்போது, ஊரில் இருப்பவருக்கு வீட்டார் அனைவரும் கூடியிருக்கும் நேரமாக அமைந்துவிடும். வெள்ளிக்கிழமைப் பகலை உங்களுக்கென்று வைத்துக்கொள்வது பலருக்கு ஒத்து வருகிறது.

நான்காம் படி: சந்திப்புகளைத் திட்டமிடுங்கள்

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே திறக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்னை; 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத்தில் ஏறத்தாழ எட்டு மணி நேரப் பயணம். ஆனால் திருநெல்வேலி சந்திப்பிலோ புதிய பேருந்து நிலையத்திலோ யாராவது உறவினர் கண்ணில் படாமல் இருப்பது அரிது. கட்சிக் குடும்பத்துப் பிள்ளை என்றால் ஆட்டோ ஓட்டுநருக்குக்கூட முகம் தெரிந்திருக்கும். அதனால் மதுரையிலோ திருச்சியிலோ சந்திப்பது நடைமுறைக்கு உகந்தது. ஒருவரே எப்போதும் பயணம் செய்யும்படி விட்டுவிடாதீர்கள். செலவைச் சம்பளத்துக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ளுங்கள். படித்துக்கொண்டிருப்பவரிடம் பாதிப் பணம் கேட்பது முறையன்று.

ஐந்தாம் படி: விட்டுக்கொடுக்க முடியாத எல்லை எது என்று சொல்லிவிடுங்கள்

வரிக்கொள்கையிலும் மொழிக்கொள்கையிலும் கூட்டணியிலும் தலைவர் மீதான பற்றிலும் இருவர் வேறுபட்டு நின்றே மகிழ்ச்சியாக வாழ முடியும். வாக்கு இரகசியமானது; கணவரிடமோ மனைவியிடமோ அதை ஒப்புவிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவருடைய அரசியல், மற்றவர் பிறந்த மக்களைத் தாழ்ந்தவர்கள் என்றோ, அவருடைய மதத்தவர் இந்நாட்டுக்கு அந்நியர் என்றோ சொல்லுமானால், அதைக் கருத்து வேறுபாடு என்று மென்மையாகப் பெயரிட்டுக் கடந்துவிடக் கூடாது. "நீ மட்டும் அப்படியில்லை" என்று சொல்லி அன்பு காட்டுபவர், உங்கள் அண்ணனையும் அத்தையையும் அப்படித்தான் நினைக்கிறார். இந்தப் பேச்சைக் காதலின் முதல் ஆண்டிலேயே நடத்திவிட வேண்டும். மனம் மாறாத ஒருவரிடமிருந்து விலகுவது துயரமானது, ஆயினும் சரியானது என்பதே என் உறுதியான எண்ணம்.

ஆறாம் படி: வீட்டில் யாரிடம் முதலில் சொல்வது என்று முடிவு செய்யுங்கள்

கட்சிப் பொறுப்பில் இருக்கும் அப்பாவிடம் நேராகப் போய் நிற்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை. அவர் அப்பாவாகப் பதில் சொல்வதற்கு முன், ஒன்றியத்தில் தம்முடைய எதிராளிகள் இதை எப்படிப் பேசுவார்கள் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். கட்சியில் இல்லாத, ஆனால் அவர் சொல் கேட்கும் ஒருவர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார்: தாய்மாமா, ஆசிரியையாகப் பணியாற்றும் அத்தை, வெளியூரில் வாழும் பெரியப்பா, அல்லது மதினி. அவரிடம் முதலில் சொல்லுங்கள். சொல்லும்போது மாற்றுக் கட்சியின் பெருமைகளை விளக்கப் புக வேண்டாம். அந்தப் பிள்ளையின் குணம், படிப்பு, வேலை, நீங்கள் எத்தனை காலமாகப் பழகுகிறீர்கள் என்பனவற்றை மட்டும் சொல்லுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலுக்கு வேட்புமனு வாங்கும் வாரம், கட்சியில் பதவி பறிபோன மாதம், அம்மன் கோவில் கொடைக்கு வரி பிரித்து ஊரே இரண்டு அணியாக நிற்கும் நேரம் ஆகியவை ஏற்றவை அல்ல. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குச் சொந்தபந்தம் அனைத்தும் வந்து கூடும் நாளும் வேண்டாம். அத்தனை பேர் முன்னிலையில் ஒரு தகப்பன் "சரி" என்று சொல்வது மிகக் கடினம். எல்லாரும் கிளம்பிப் போய் வீடு அமைதியான பிறகு சொல்லலாம்.

முதல் பதில் "முடியாது" என்பதாகத்தான் இருக்கும். அதைக் கடைசிப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சமயம், அந்த மறுப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் கூர்ந்து கவனியுங்கள். கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பது ஒரு வகை. மிரட்டுவது வேறு வகை.

ஏழாம் படி: ஆபத்தை அளந்து பாருங்கள்

2025 ஜூலை 27 அன்று, சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிந்த பட்டியல் சாதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தபோது பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார்; அவர் பழகிய பெண்ணின் தம்பி கைது செய்யப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதத்தில், சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட ஓர் இணைக்குத் துணை நின்றதற்காகத் திருநெல்வேலியிலுள்ள மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகம் பெண் வீட்டார் தரப்பினரால் அடித்து நொறுக்கப்பட்டது. "எங்க வீட்டுல அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க" என்ற நம்பிக்கை மட்டும் போதுமான பாதுகாப்பாகாது.

தொலைவில் இருப்பவர்கள் சில அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஊரில் இருப்பவரின் கைபேசி திடீரென்று அண்ணன் கையில் இருப்பது. அவர் எழுதும் நடையிலேயே இல்லாத செய்திகள் வருவது. வெளியூரில் வேலை செய்பவரை "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா" என்று அழைப்பது. இதுவரை எதிர்த்தவர்கள் "பேசி முடிச்சிருவோம், பையனை ஊருக்கு வரச் சொல்லு" என்று இனிமையாகப் பேசத் தொடங்குவது. இவற்றில் ஏதேனும் நிகழ்ந்தால், தனியாக ஊருக்குப் பயணப்பட வேண்டாம். குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர் மூலம் செய்தியைச் சரிபார்த்த பின்னரே கிளம்புங்கள். இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்பே முடிவு செய்து வைத்திருந்தால், எழுதுவது அவர்தானா என்று அறிந்துகொள்ளலாம்.

ஆதார், மதிப்பெண் சான்றிதழ், வயதுச் சான்று ஆகியவற்றின் அசல்களைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, நகல்களை நம்பிக்கையான நண்பரிடம் கொடுத்து வையுங்கள். அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100 ஆகிய எண்கள் உள்ளன. நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி வழக்கறிஞர் உதவி கிடைக்கும். வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்து, மிரட்டப்படும் இணையர்களுக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கவும் ஆணையிட்டது. காவல் நிலையத்தில் மனு கொடுக்கும்போது அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

எட்டாம் படி: திருமணச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவரும் இந்துக்களானால், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7அ பிரிவின்படி, புரோகிதர் இல்லாமல், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டோ தாலி கட்டியோ உறவினர், நண்பர் முன்னிலையில் மணம் செய்துகொள்ளலாம். இத்தகைய திருமணத்தை ஊரறிய அறிவித்துத்தான் நடத்த வேண்டும் என்பதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மணமானபின் 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட வேண்டும்.

மதம் வேறானால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதற்கு இருவரில் ஒருவர் அந்தப் பகுதியில் குறைந்தது 30 நாட்கள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்தபின் இன்னும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். கட்சித் தொடர்புள்ள குடும்பத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகச் செய்தி எட்டிவிடும் வாய்ப்பு மிகுதி. சென்னையிலோ கோவையிலோ வசிப்பவர், வாடகை ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டி அங்கேயே அறிவிப்புக் கொடுக்கலாம்; ஆனால் இருவரில் ஒருவரின் நிரந்தர இருப்பிடம் வேறு மாவட்டமானால், அறிவிப்பின் நகல் அங்குள்ள அலுவலகத்துக்கும் அனுப்பப்பட்டு ஒட்டப்படும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒன்பதாம் படி: இரு வீடும் சம்மதித்தால்

இதுவும் நடக்கிறது, நினைப்பதைவிட அதிகமாகவே நடக்கிறது. சம்மதித்த பிறகு முதல் சிக்கல் அழைப்பிதழில் வரும். நம் பக்கத்துக் கட்சி வீட்டு அழைப்பிதழில் தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், வாழ்த்துரை வழங்குபவர் என்று மாவட்டச் செயலாளர் முதல் கிளைச் செயலாளர் வரை பெயர்கள் அணிவகுக்கும். இரண்டு கட்சிப் பட்டியல்களையும் ஒரே தாளில் அச்சிட்டால் யார் பெயர் மேலே என்பதிலேயே சம்பந்தம் முறிந்துவிடும். அழைப்பிதழில் இரு வீட்டுத் தாத்தா பாட்டி, பெற்றோர் பெயர்கள் மட்டும் இருக்கட்டும். கட்சிக்காரர்களுக்கு ஒவ்வொரு தகப்பனாரும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துக்கொள்ளட்டும். மண்டபத்து வாசலில் ஃபிளெக்ஸ் வைப்பதானால் மணமக்கள் படம் மட்டும் என்று இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டு, அதை அச்சகத்துக்குச் சொல்லும் பொறுப்பை மணமக்களே எடுத்துக்கொள்ள வேண்டும். தம்பிமார் கையில் விட்டால் முதல்நாள் இரவு தலைவர்கள் படம் ஏறிவிடும். மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசும் வாழ்த்துரையைத் தவிர்த்து, வரும் தலைவர்கள் மேடையேறி வாழ்த்திவிட்டு நேராகப் பந்திக்குப் போகும்படி நேரத்தைப் பிரித்துச் சொல்லிவிடுங்கள்: ஒரு கட்சியினருக்கு முகூர்த்தத்துக்கு முன், மற்றவர்களுக்கு முகூர்த்தத்துக்குப் பின்.